கிர்கிஸ்தானுக்கு 8 நாள் திட்டம்: போய் வந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை கடைசி வாரம் கிர்கிஸ்தான் போக நினைத்திருக்கிறோம். நான், தம்பி, அப்பா மூன்று பேர். ஊர் திருச்சி. அப்பாவுக்கு 64 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தினமும் கொள்ளிடக்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

ஏன் கிர்கிஸ்தான் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். அப்பா கல்லூரியில் படித்த காலத்தில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி கடையில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைத்தன. அதில் கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதியவற்றை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அந்தப் புல்வெளியையும் அந்த மலையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. போன மாதம்தான் ஓய்வூதியக் கணக்கெல்லாம் முடிந்தது. இந்த வருடமே கூட்டிப்போய்விட வேண்டும் என்றிருக்கிறேன்.

திட்டம் இது. முதல் நாள் பிஷ்கெக். இரண்டாம் நாள் ஓஷ். மூன்றாம் நாள் அர்ஸ்லான்பாப் அக்ரூட் (வால்நட்) காடு. நான்காம் நாள் சோங்குல் ஏரியில் கூடாரம். ஐந்து இசிக்குல் ஏரி. ஆறு, ஏழு அலாகுல் மலையேற்றம். எட்டாம் நாள் பிஷ்கெக் வந்து விமானம்.

சரியா வருமா? விசா, சாப்பாடு, பாதுகாப்பு பற்றியும் சொல்லுங்கள்.

நடைவண்டி:
வணக்கம் சகோதரி. நான் இரண்டு முறை போயிருக்கிறேன், மொத்தம் ஐந்து வாரம் இருந்திருப்பேன். அப்பாவின் ஆசையைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் நேராகச் சொல்கிறேன்: இந்தத் திட்டத்தோடு போனால் அவர் மலையைப் பார்க்க மாட்டார், வண்டியின் ஜன்னலைத்தான் பார்ப்பார்.

வரைபடத்தில் அந்த நாடு சின்னதாகத் தெரியும். பரப்பளவு கிட்டத்தட்ட 2 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. மக்கள் சுமார் 70 லட்சம் பேர்தான். சென்னையையும் அதன் புறநகரையும் சேர்த்தால் அதைவிட அதிகம் வரும். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. சராசரி உயரமே 2,750 மீட்டர் என்கிறார்கள். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது அந்த நாட்டின் சராசரிக்குக் கீழேதான் நம் மாநிலத்தின் உச்சியே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்குப் போடுங்கள்.

பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்குச் சாலை 600 கிலோமீட்டருக்கு மேல். நாற்கரச் சாலைக் கணக்கு அங்கே செல்லாது. தூ அசூ கணவாயில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறி ஒரு சுரங்கத்துக்குள் நுழைவீர்கள். அந்தப் பக்கம் சூசமிர் புல்வெளி, மறுபடியும் அலாபெல் கணவாய், பிறகு தொக்தகுல் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போக வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். அழகான சாலைதான். ஆனால் ஒரு முழு நாளை விழுங்கும் சாலை. விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், டிக்கெட் விலையும் அதிகமில்லை. ஆனாலும் எட்டு நாளில் தெற்கையும் கிழக்கையும் சேர்க்காதீர்கள். ஓஷ், அர்ஸ்லான்பாப் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

அலாகுல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏரியே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே கணவாய் 3,900 மீட்டரை ஒட்டி. அந்தப் பக்கம் இறக்கம் முழுவதும் காலடியில் நழுவும் சரளைக்கல். நான் ஏறியது ஜூலை நடுவில், காலையில் நல்ல வெயில். மதியம் இரண்டு மணிக்கு மேகம் கூடி, பத்து நிமிடத்தில் சுண்டைக்காய் அளவு ஆலங்கட்டி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முதுகுப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். இறங்கி முடித்தபோது முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. அப்போது எனக்கு 31 வயது. அப்பாவுக்கு இது வேண்டாம்.

பிஷ்கெக்_டாக்டர்:
அக்கா, நான் அங்கதான் ஆறு வருஷம் மருத்துவம் படிச்சேன். இப்ப சேலத்துல இருக்கேன். நடைவண்டி அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரு கவலைதான் பாக்கி. உங்க திட்டத்துல நாலாம் நாள் சோங்குல்ல தூங்குறீங்க. அது 3,016 மீட்டர். அர்ஸ்லான்பாப்ல இருந்து நேரா அங்க ஏறுறது உடம்புக்கு நல்லதில்ல, அதுவும் அப்பாவுக்கு.

பிஷ்கெக் 800 மீட்டர்தான், அங்க ஒண்ணும் தெரியாது. இசிக்குல் 1,607 மீட்டர். முதல்ல அங்க ரெண்டு மூணு ராத்திரி தங்குங்க. அப்புறம் கொச்கோர் ஊர்ல ஒரு ராத்திரி. அதுக்கு அப்புறம் சோங்குல். இப்படிப் படிப்படியா ஏறினா உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும். 3,000-க்கு மேல போயிட்டா, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாதுங்கிறது பொதுவான விதி.

மேல போனதும் லேசா தலைவலி, பசியின்மை, தூக்கம் கலையுறது இதெல்லாம் நிறையப் பேருக்கு வரும். ஒரு நாள் ஓய்வெடுத்தா சரியாயிடும். ஆனா நடை தள்ளாடுச்சுன்னா, பேச்சு குழறுச்சுன்னா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குச்சுன்னா, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வண்டியை எழுப்பி இறங்கிடணும். அதனால சோங்குல்ல வண்டி உங்க கூடவே இருக்கணும். இறக்கி விட்டுட்டு நாளைக்கு வர்றேன்னு டிரைவர் சொன்னா ஒத்துக்காதீங்க.

உயரத்துக்கு முன்கூட்டியே போடுற மாத்திரை இருக்கு. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்களுக்கும், ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறவங்களுக்கும் அதை டாக்டரைப் பாக்காம குடுக்கக்கூடாது. அப்பாவோட வழக்கமான டாக்டர்கிட்ட உயரத்தைச் சொல்லிக் கேளுங்க. அவருடைய மாத்திரையை ரெண்டு பையில பிரிச்சு வைங்க.

காவிரிக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி முகம் வாடிவிட்டது, ஆனாலும் அலாகுல்லை எடுத்துவிட்டேன். ஓஷை எடுக்கத்தான் மனசு வரவில்லை. பாபர் பற்றி எங்கோ படித்தது. அங்கே என்னதான் இருக்கிறது?

நல்லூரான்:
வணக்கம் தங்கச்சி. நான் டொரொன்டோவில இருக்கிறன். போன வருசம் தெற்குப் பக்கம் மட்டும் ரெண்டு கிழமை நிண்டனான். உங்களுக்கு ஆசை காட்டுறதுக்கில்லை, பிறகொருக்கா தனியாப் போகவேணும் எண்டு எழுதுறன்.

ஓஷ் நகரத்துக்கு நடுவில சுலைமான் தூ எண்டு ஒரு கல்மலை நிக்குது. ஐந்து முனை உள்ள ஒற்றைப் பாறைமலை. 2009-ல யுனெஸ்கோ பட்டியலில சேர்த்தவை. பாபர் பிறந்தது பக்கத்தில அந்திஜான், இப்ப அது உஸ்பெகிஸ்தான். இளவயசில இந்த மலையில ஒரு சின்ன வீடு கட்டினவர். இப்ப இருக்கிறது திரும்பக் கட்டினது. மேலை ஏற இருபது நிமிசம். ஆனால் நான் மறக்காதது அந்த வீடில்லை. பாதை ஓரத்தில ஒரு பாறை சறுக்கி மாதிரிச் சரிஞ்சு இருக்கு. பிள்ளை வேணும் எண்டு நேர்ந்து வாற பொம்பிளையள், இடுப்பு நோவுக்காரர் எல்லாரும் அதில வழுக்கி இறங்கினம். எத்தினை நூற்றாண்டு வழுக்கிச்சினமோ, பாறை கண்ணாடி மாதிரி மினுங்குது. ஒரு கிழவி எனக்கும் கையைக் காட்டி, வா வந்து இரு எண்டு கூப்பிட்டவ.

உஸ்கென் எண்டு பக்கத்தில ஒரு ஊர். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கராகானியர் எண்ட அரச வம்சத்துக் காலத்துக் கோபுரமும் சமாதிகளும் இருக்கு. சுட்ட மண்ணில செய்த கோல வேலைப்பாடு. அந்த ஊரின்ரை சிவப்பு அரிசி நாடு முழுக்கப் பேர் போனது. எங்கடை பச்சைப் பெருமாள் அரிசியை நினைச்சுக்கொண்டு சாப்பிட்டன். ஆனால் உங்கட எட்டு நாளுக்குள்ள இது அடங்காது. அவசரமா ஓடிப் பார்த்தால் ஓஷ் உங்களுக்கு வெறும் வெயிலும் சந்தையுமாத்தான் நினைவில நிற்கும்.

பயணப்பித்தன்:
மன்னிக்கவும், எல்லோரும் அழகை மட்டும் சொல்கிறீர்கள். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களைக் கும்பலாகத் தாக்கினார்களே, அதை யாரும் சொல்லவில்லையே? விடுதிக்குள் புகுந்து அடித்தார்கள். வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகமே அறிவித்தது. அப்படிப்பட்ட நாட்டுக்கு வயதானவரைக் கூட்டிக்கொண்டு போவது சரியா?

பிஷ்கெக்_டாக்டர்:
நியாயமான கேள்வி. நான் அப்ப ஊருக்கு வந்துட்டேன். ஆனா எங்க ஜூனியர் பசங்க அங்கதான் இருந்தாங்க. மே 17 ராத்திரி விடிய விடிய போன்ல பேசிட்டிருந்தோம். விளக்கை அணைச்சுட்டு, கதவுக்குப் பின்னாடி கட்டிலை நகர்த்தி வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. சில நாள் முன்னாடி உள்ளூர்க்காரங்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் நடந்த ஒரு கைகலப்பு வீடியோ பரவி, அதுல கூடின கும்பல் அது. சண்டையில இல்லாத பசங்களும் அடி வாங்கினாங்க. இதை மறைச்சுட்டு அந்த நாட்டைப் பத்திப் பேச நான் விரும்பல.

அதே சமயம், அடுத்த நாள் காலையில அந்தப் பசங்களுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுவந்து குடுத்தது பக்கத்து வீட்டு கிர்கிஸ் அம்மாதான். நான் இருந்த ஆறு வருஷத்துல ரெண்டு தடவை ராத்திரியில என்னை மறிச்சுக் காசு கேட்டிருக்காங்க. ரெண்டுமே பதினொரு மணிக்கு மேல, ஆள் இல்லாத தெருவுல. அதனால நான் சொல்றது இதுதான்: நகரத்துல இருட்டினா நடக்காதீங்க, செயலியில டாக்ஸி கூப்பிடுங்க. பாஸ்போர்ட் நகல் கையில இருக்கட்டும். தூதரகத்தோட அறிவிப்பைக் கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. மலைப்பக்கம், ஏரிப்பக்கம் போயிட்டா நீங்க விருந்தாளி. அங்க எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்ல.

நடைவண்டி:
எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்கில் பத்கென் பகுதியில் தஜிகிஸ்தானோடு 2021-லும் 2022-லும் பெரிய சண்டை நடந்தது, ஆட்கள் இறந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு நாடுகளும் எல்லை ஒப்பந்தம் போட்டன. காவிரிக்கரை போகும் இடங்கள் அதிலிருந்து வெகு தூரம். சீன எல்லையை ஒட்டிய இனில்செக், கோல்சூ பக்கம் போவதென்றால் எல்லைப்பகுதி அனுமதிச்சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். இசிக்குல்லுக்கும் சோங்குல்லுக்கும் அது தேவையில்லை.

விசாவுக்கு: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அரசின் இ-விசா தளத்தில் விண்ணப்பிக்கலாம். முகவர் தேவையில்லை. இ-விசா வைத்திருப்பவர்கள் எல்லா எல்லைச்சாவடியிலும் நுழைய முடியாது, எந்தெந்தச் சாவடி என்று அதே தளத்தில் பட்டியல் இருக்கும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பாருங்கள். டெல்லியிலிருந்து பிஷ்கெக்குக்கு நேர் விமானம் உண்டு. இல்லையென்றால் அல்மாத்தி வழி. கஜகஸ்தானில் இந்தியர்களுக்கு 14 நாள் விசா தேவையில்லை. அல்மாத்தியிலிருந்து பிஷ்கெக் சாலையில் 240 கிலோமீட்டர் போல, எல்லையில் கூட்டத்தைப் பொறுத்து நான்கைந்து மணி நேரம். அப்பா இருப்பதால் நேர் விமானமே நல்லது.

பணம் சோம். நான் போனபோது ஒரு சோம் கிட்டத்தட்ட ஒரு ரூபாய்தான், அதனால் விலையைப் பார்த்ததும் மனசுக்குள் கணக்குப் போடவே வேண்டியிருக்காது. டாலர் கொண்டு போனால் மடிப்பு, கறை இல்லாத புதுத் தாளாகக் கொண்டுபோங்கள். பழைய நோட்டை வாங்க மாட்டார்கள். மலைக்குப் போகும் முன் கரகோல் அல்லது கொச்கோரில் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். கூடார முகாம்களில் அட்டையைத் தேய்க்க முடியாது.

அரைப்படி_அரிசி:
சைவச் சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அப்பா மாதிரிதான். முதல் மூன்று நாள் எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. அங்கே நூற்றாண்டுக் கணக்காக ஆட்டையும் குதிரையையும் வைத்தே வாழ்ந்தவர்கள். 3,000 மீட்டரில் கத்தரிக்காய் விளையாது. இறைச்சி இல்லாமல் சாப்பாடா என்று கேட்கும்போது அவர்கள் முகத்தில் தெரிவது உண்மையான கவலை, இந்த மனுஷனுக்கு உடம்புக்கு என்னமோ என்று.

'எத் ஜேபேய்ம்' என்று சொல்லுங்கள், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். ரஷ்ய மொழியில் 'பேஸ் ம்யாசா', இறைச்சி இல்லாமல். ஆனால் அது மட்டும் போதாது. கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. எலும்புச் சாற்றில் வேகவைத்து, துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. கோழி, முட்டை, சூப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கிடைப்பது என்ன? தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டி, அதோடு பாலேடு, ராஸ்பெரி ஜாம், தேன். பொர்சோக் என்று எண்ணெயில் பொரித்த சின்னச் சின்ன மாவுத்துண்டு. தக்காளி வெள்ளரிக்காய் அவ்வளவு ருசி. ஜூலையில் சாலையோரம் ஆப்ரிகாட் பழத்தை வாளி வாளியாக வைத்து விற்பார்கள். கரகோலில் அஷ்லான்பூ என்று ஒன்று, அப்பாவுக்கு அது பிடிக்கும். குளிர்ந்த நூடுல்ஸ், மாவுச்சத்தில் செய்த வழுவழு துண்டுகள், காடி, பூண்டு, மிளகாய் எல்லாம் சேர்த்துப் புளிப்பும் காரமுமாக ஒரு கிண்ணம். முட்டை போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூடவே உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ரொட்டி. சந்தைக்குள் ஒரு சந்து முழுக்க இதே கடைதான்.

கூடாரத்துக்குப் போகும் முன்தினமே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே மேலே கடை கிடையாது, காய்கறியைக் கீழேயிருந்துதான் கொண்டுபோக வேண்டும். நான் கொச்கோர் சந்தையில் உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், கேரட் வாங்கிக்கொண்டு போய் அந்த வீட்டு அம்மாவிடமே கொடுத்தேன். கொண்டுபோயிருந்த மிளகாய்த்தூளைப் போட்டுப் பொரியல் மாதிரி நானும் அவரும் சேர்ந்து செய்தோம். பருப்புப்பொடி, ஊறுகாய், அரைப்படி அரிசி கண்டிப்பாக எடுத்துப்போங்கள். பிஷ்கெக்கில் மருத்துவ மாணவர்கள் நிறைய என்பதால் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. முதல் நாளும் கடைசி நாளும் கவலையில்லை.

பிஷ்கெக்_டாக்டர்:
சாப்பாட்டோட சேத்து இதையும் அப்பாகிட்ட சொல்லி வைங்க. ரொட்டியைக் கவுத்து வைக்கக்கூடாது, தரையில வைக்கக்கூடாது. டீயைப் பாதிக் கிண்ணம்தான் ஊத்துவாங்க, அது கஞ்சத்தனம் இல்ல. திரும்பத் திரும்ப ஊத்திட்டே இருக்கணும், நீங்க கிளம்பக்கூடாதுங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். கிண்ணம் நிறைய ஊத்தினாத்தான் யோசிக்கணும். பெரியவரை வாசலுக்கு நேரெதிர் இடத்துல உட்கார வைப்பாங்க. அதுக்குத் தோர்னு பேரு, மரியாதையான இடம். அப்பா மறுக்காம உட்காரணும். சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு உள்ளங்கையையும் முகத்துல தடவிட்டு எழுந்திருப்பாங்க. நீங்களும் செஞ்சா சந்தோஷப்படுவாங்க.

காவிரிக்கரை:
அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று: "அந்தப் புல்வெளியில ஒரு நாள் எப்படி இருக்கும்? அதைக் கேளு."

நடைவண்டி:
அப்பாவுக்கு என் வணக்கம். சோங்குல்லில் நான் மூன்று இரவு தங்கிய குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

கோடையில் மந்தையோடு மேலே ஏறி வந்து தங்கும் புல்வெளிக்கு ஜெய்லூ என்று பெயர். ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் அங்கே ஆள் இருப்பார்கள். ஏரியைச் சுற்றி மரம் ஒன்றுகூடக் கிடையாது. புல், வானம், தண்ணீர், தூரத்தில் பனி. கம்பளிக் கூடாரத்தை போஸ் ஊய் என்பார்கள். உள்ளே படுத்து அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு மரவளையம், அதன் குறுக்கே வளைந்த சட்டங்கள். அதுதான் துந்துக். அந்த நாட்டுக் கொடியில் சூரியனுக்கு நடுவே இருப்பதும் அதுவே. வளையத்தின் மேல் ஒரு கம்பளித் துணி. காலையில் வீட்டு அம்மா வெளியே நின்று ஒரு கயிற்றை இழுப்பார், துணி விலகும், உள்ளே ஒரு வட்ட வெளிச்சம் விழும். பொழுது நகர நகர அந்த வட்டம் சுவரில் நகரும். மழை வந்தால் மறுபடி கயிறு.

ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிடுவார்கள். விறகு கிடையாது, காய்ந்த சாணம்தான். நம் வறட்டியேதான், தட்டாமல் அப்படியே காய்ந்தது. அந்தப் புகைமணம் எனக்கு என் பாட்டி வீட்டை நினைவுபடுத்தியது. குதிரைப்பால் கறப்பது நாளில் ஐந்தாறு தடவை. குட்டிகளை ஒரு நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். முதலில் குட்டியை வாய் வைக்க விட்டு, தாய்க்குப் பால் இறங்கியதும் குட்டியை நகர்த்திவிட்டு, ஒரு கால் முட்டி போட்டு வாளியைத் தொடையில் வைத்துக் கறப்பார்கள். கொஞ்சம்தான் வரும். அந்தப் பாலைப் புகையேற்றிய தோல்பையில் ஊற்றி, நீண்ட மரக்கோலால் கடைந்து புளிக்க வைத்தால் குமிஸ். அந்தக் கடையும் மத்துக்கு பிஷ்கெக் என்று பெயர். தலைநகரின் பெயர் அதிலிருந்து வந்தது என்று அந்த வீட்டுத் தாத்தா மத்தைக் கையில் பிடித்துக் காட்டிச் சொன்னார். சோவியத் காலத்தில் அந்த நகருக்கு ஃப்ரூன்சே என்று ஒரு தளபதியின் பெயரை வைத்திருந்தார்கள். 1991-ல்தான் பிஷ்கெக் என்ற பெயர் வந்தது.

குமிஸ் புளிப்பாக, புகைவாசத்தோடு, நாக்கில் சுருக்கென்று இருக்கும். லேசான போதையும் உண்டு. அப்பா விரும்பினால் இரண்டு வாய் பார்க்கட்டும், முதல் நாளே கிண்ணம் நிறைய வேண்டாம், வயிறு ஏற்காது.

ஜூலையிலும் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கழிப்பறை தனியாக ஐம்பதடி தள்ளி இருக்கும். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று, கம்பளிக் குல்லா, கையுறை, மழைச்சட்டை எல்லாம் அப்பாவுக்கு முதலில் வாங்குங்கள். நள்ளிரவில் எழுந்து வெளியே வந்தால் ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிலா இல்லாத இரவில் பால்வீதி ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கிடக்கும்.

நல்லூரான்:
இதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். நான் வடக்குப் பக்கம் போகேல்லை. அடுத்த முறை போவன்.

பிஷ்கெக்_டாக்டர்:
ஐத்மாத்தவ் வாசகர்னு சொன்னீங்க இல்லையா, அதனால இது கண்டிப்பா. பிஷ்கெக்குக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் போல, மலையடிவாரத்துல அத்தா பெயித்னு ஒரு நினைவிடம் இருக்கு. தந்தையரின் கல்லறைன்னு அர்த்தம். 1938-ல ஸ்டாலின் காலத்துல 130-க்கும் மேற்பட்டவங்களைச் சுட்டு, அங்க இருந்த ஒரு செங்கல் சூளைக்குள்ள போட்டுப் புதைச்சுட்டாங்க. அந்த இடத்தைக் காவல் காத்தவருக்குத் தெரியும். சாகும்போது மகள்கிட்ட சொன்னாரு. அந்த அம்மா பல வருஷம் வாயைத் திறக்காம இருந்து, காலம் மாறினதுக்கு அப்புறம்தான் வெளியில சொன்னாங்க. 1991-ல தோண்டி எடுத்தாங்க. ஒருத்தரோட சட்டைப்பையில குற்றப்பத்திரிகைத் தாள் இருந்துச்சு. அதுல இருந்த பேரு தொரேகுல் ஐத்மாத்தவ். எழுத்தாளரோட அப்பா. 1937-ல அவரைக் கைது பண்ணினப்ப மகனுக்கு ஒன்பது வயசு நிறையல. அப்பா எங்க கிடக்கிறாருன்னு அம்பது வருஷத்துக்கு மேல அவருக்குத் தெரியாது, அது தெரியாமலேதான் எழுதிட்டிருந்தாரு.

2008-ல அவர் இறந்தப்ப அவரையும் அங்கயே அடக்கம் பண்ணாங்க. நாங்க முதல் வருஷம் கல்லூரியில இருந்து போனோம், அப்ப எனக்கு அவர் யாருன்னே தெரியாது. எங்க ரஷ்ய மொழி டீச்சர் அந்தச் சூளை இருந்த இடத்துல நின்னு ரொம்ப நேரம் பேசல. அப்பா கூட இருந்தா, அவசரமில்லாம ஒரு அரை நாள் ஒதுக்குங்க.

நடைவண்டி:
பிஷ்கெக் பக்கம் இன்னொரு அரை நாளும் உண்டு. பிஷ்கெக்கிலிருந்து கிழக்கே 80 கிலோமீட்டர் போல, தொக்மோக் ஊரை ஒட்டிப் புரானா கோபுரம். பதினோராம் நூற்றாண்டு. முதலில் 45 மீட்டர் உயரம் இருந்ததாம், நிலநடுக்கங்களில் இடிந்து இப்போது 25 மீட்டர் போல நிற்கிறது. சுற்றிலும் புல்லில் முகம் செதுக்கிய பழைய துருக்கியர் நடுகற்கள், கையில் கிண்ணம் பிடித்தபடி. நம் ஊர் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அங்கே நின்று பார்க்கத் தோன்றும். இசிக்குல் போகும் வழியிலேயே இருப்பதால் தனி நாள் தேவையில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அக்பேஷிம், பழைய சுயாப் நகரம். பள்ளிக்கூடத்தில் படித்த யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் தியான்சான் மலையின் பனியைத் தாண்டி, இசிக்குல் கரையோரமாக வந்து, சுயாபில் துருக்கியரின் ககானை, அதாவது அவர்களின் அரசரை, சந்தித்துவிட்டுத்தான் இந்தியாவுக்குப் போனார். பிறகு காஞ்சிபுரம் வரை வந்தார். இப்போது அங்கே மண்மேடுதான் மிச்சம். எனக்கு அந்த மேட்டில் நிற்பதற்கே போதுமான காரணம் இருந்தது.

அரைப்படி_அரிசி:
இசிக்குல்லில் தென்கரையா வடகரையா என்று யாரும் சொல்லவில்லையே. வடகரையில் சோல்பொன்-அத்தா பக்கம் விடுதிகள், பாட்டு, கூட்டம். தென்கரை அமைதி. ஏரி 180 கிலோமீட்டர் நீளம், ஆழம் 668 மீட்டர், நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகள் வந்து விழுகின்றன, வெளியே போக ஒரு ஆறுகூட இல்லை. லேசான உப்பு. குளிர்காலத்தில் உறையாது, இசிக்குல் என்றாலே சூடான ஏரி. ஜூலையில் இறங்கிக் குளிக்கலாம். நான் தம்கா ஊரில் ஒரு வீட்டில் தங்கினேன், தோட்டத்தில் ஆப்ரிகாட் மரம், நடந்தே ஏரிக்கரை.

தம்பிக்குக் கரகோலில் ஒரு நாள் கொடுங்கள். அலாகுல் வேண்டாம், அல்தின் அராஷான் பள்ளத்தாக்கு வரை போய் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வரட்டும். அதற்குள் அப்பாவோடு நீங்கள் துங்கான் பள்ளிவாசலைப் பாருங்கள். சீனாவிலிருந்து தப்பி வந்த முஸ்லிம்கள் 1910-ல் கட்டி முடித்தது. ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு பொருத்தியே எழுப்பியது. பார்த்தால் சீனக் கோயில் போல இருக்கும்.

காவிரிக்கரை:
நேற்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டோம். பதினோரு நாளாக நீட்டிவிட்டேன், பள்ளியில் விடுப்பு சொல்லியாயிற்று. இரண்டு நாள் பிஷ்கெக், அதில் அரை நாள் அத்தா பெயித். புரானா பார்த்துக்கொண்டு தென்கரை தம்கா, இரண்டு இரவு. கரகோல் இரண்டு இரவு. திரும்பி வரும் வழியில் கொச்கோர் ஒரு இரவு. சோங்குல் இரண்டு இரவு, வண்டி கூடவே. கடைசி இரவு பிஷ்கெக். ஓஷுக்கு நல்லூரான் அண்ணா சொன்ன மாதிரி இன்னொரு வருடம்.

அப்பா காலையிலிருந்து கிர்கிஸ் வார்த்தைகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். நன்றி சொல்ல 'ரக்மத்', பிறகு 'எத் ஜேபேய்ம்', இரண்டும் மனப்பாடம். சோங்குல்லில் தங்கும் வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று கேட்கிறார். காசு கொடுத்துத் தங்கினாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்கிறார்.

பிஷ்கெக்_டாக்டர்:
டீத்தூள் அக்கா. நீலகிரி டீத்தூள் அரைக் கிலோ. அங்கயும் பால் சேத்துத்தான் குடிப்பாங்க, நம்ம மாதிரியே. குழந்தைங்க இருந்தா வண்ணப் பென்சில். அப்பா கையாலயே அந்த வீட்டுப் பெரியவங்ககிட்ட குடுக்கச் சொல்லுங்க, வலது கையில.